குடியை நிறுத்தும் முதல் மூன்று நாள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியை விடச் சொல்லி இந்த இடத்தில் பலர் பேசிவிட்டார்கள். விட்டவருக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பல வருடம் நாள் தவறாமல் கசிப்போ சாராயமோ குடித்தவரின் மூளை, அந்த மந்தத்தை எதிர்த்து எந்நேரமும் முறுக்கேறி நிற்கப் பழகிவிடுகிறது. போதை சட்டென்று நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான்.

அந்த நேரத்தில் கை கால் பிடித்துவிடுவதும், முதுகைத் தேய்த்துவிடுவதும், லயத்து வாசலில் மெல்ல நடக்க வைப்பதும் ஆறுதல் தரும். தோலிலும் தசையிலும் படுகிற அழுத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், மதுவுக்குப் பழக்கி நிறுத்திய எலிகளின் உடலுக்கு அதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள், பதற்றம் தணிந்தது. ஆனால் அது எலி. நம் ஆளுக்கு அது மட்டுமே வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏனென்றால், கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். நாமோ பேய் என்று பூசாரியைக் கூப்பிடுகிறோம், அறையில் போட்டுப் பூட்டுகிறோம். அது நோய். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து இருக்கிறது. மூளையைக் காக்க விட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள்.

விடிந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்குக் குடித்தால்தான் பெரட்டுக்குப் போக முடியும் என்றிருப்பவர்கள், முன்பு வலிப்பு வந்தவர்கள், வீட்டில் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாலை போடுவதென்றாலும் முதலில் வைத்தியரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசில்லை.

அந்த வண்டி ஏற முடியாத டிவிசன்கள் நமக்கு உண்டு. ராத்திரியில் நோயாளியைப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவரத் தோட்ட லொறி வேண்டும், சாரதியும் வேண்டும். வைத்தியத்துக்குப் போகிறவரின் வேலைக்கும் பாதுகாப்பு வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் எழுதி, இந்தக் கிழமையே துரையிடம் கொடுக்கும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.