நகராத மிதிவண்டி

செக்குமாட்டின் நிலை இரங்கத்தக்கது என்று நாம் எண்ணுகிறோம். காலையில் நுகத்தில் பூட்டப்படும் அம்மாடு நாள் முழுவதும் நடக்கிறது. பொழுது சாயும்போது பார்த்தால், புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. பயனில்லாத உழைப்புக்கு அதனை உவமையாகக் கூறுவது நம் வழக்கம். ஆனால் அந்த நடையினால்தான் எண்ணெய் கிடைக்கிறது என்பதை உவமை கூறுவோர் மறந்துவிடுகின்றனர். நின்ற இடத்தில் நின்றுகொண்டே நெடுந்தொலைவு செல்கின்ற ஒரு மிதிவண்டியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அதிலிருந்து கிடைக்கும் எண்ணெய் எது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கி ஏறத்தாழ 60 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் அங்கே பகற்பொழுது 6 மணி நேரத்துக்கும் குறைவு. மாணவன் இருளில் பள்ளிக்குச் செல்கிறான். இருளிலேயே வீடு திரும்புகிறான். சாலையின்மேல் பனி விழுகிறது, உருகுகிறது, இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் வழுக்குகிறது. இத்தகைய சாலையிலும் மிதிவண்டி ஓட்டுவோர் உண்டு. அந்நாட்டின் வடபகுதியிலுள்ள ஊலு என்னும் நகரில், பனி மூடிய பாதைகளிலேயே மக்கள் பள்ளிக்கும் வேலைக்கும் மிதிவண்டியில் செல்வதைக் காணலாம். ஆயினும், நிதானமாக வேலைக்குச் செல்வது வேறு. பந்தயத்துக்காக மூச்சு வாங்க விரைந்து பழகுவது வேறு. பின்னதற்குப் பனிச்சாலை இடம் கொடாது.

அப்படியானால் குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருக்கலாகாதா என்று கேட்கலாம். உடலின் இயல்பு அதற்கு இசைவதில்லை. நீண்ட நேரம் உழைக்கும் ஆற்றல், பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு சுருங்குகிறது. தசைகள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறமும் தளர்கிறது. கோடையில் ஈட்டிய பொருளைக் குளிர்காலத்தில் இழந்து, வசந்தத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. இந்த இழப்பைத் தடுக்கவே மிதிவண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தனர்.

இந்த முயற்சி புதியதன்று. 1796 ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் கைகால்களை நின்ற இடத்தில் இயக்குவதற்கான ஒரு பொறியை லண்டனில் அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருளைகள் வந்தன. சட்டத்தில் பொருத்திய மூன்று உருளைகளின்மேல் மிதிவண்டியை நிறுத்தி மிதிப்பார்கள். கவனம் சிறிது தவறினால் வண்டியோடு தரையில் விழ வேண்டியதுதான். 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் நகராத மிதிவண்டிகள் இருந்தன. கடலின் நடுவே ஒருவர் மிதிக்க, அவர் சென்ற தொலைவைச் சுவரிலிருந்த வட்டமுகத்தில் முள் காட்டியது.

இப்பழைய கருவிகளுக்கெல்லாம் ஒரு குறை இருந்தது. சாலை ஏறும், இறங்கும். காற்று எதிர்க்கும், தணியும். அறைக்குள் இருந்த பொறியோ எப்போதும் ஒரே மாதிரிதான் எதிர்த்தது. மாற்றமின்மையைப்போல் மனத்தைச் சோர்வடையச் செய்வது வேறொன்றில்லை. இந்தக் குறையை நீக்க வந்ததே ‘ஸ்மார்ட் டிரெய்னர்’ என்று வழங்கும் இக்காலப் பயிற்சிப்பொறி.

அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இன்று பெரிதும் வழங்கும் வகையில், மிதிவண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொறியைப் பொருத்துகிறார்கள். சங்கிலி பொறியிலுள்ள பற்சக்கரத்தின்மேல் ஓடுகிறது; அது கனமான ஒரு சுழற்சக்கரத்தை இயக்குகிறது. ஓடும் வண்டி மிதிப்பதை நிறுத்தியவுடன் நின்றுவிடுவதில்லை அன்றோ? அந்தச் சடத்துவ உணர்ச்சியைக் காலுக்குத் தருவது இச்சுழற்சக்கரமே. இதனைத் தடுப்பது உராயும் கட்டை அன்று, மின்காந்தம். காந்தப் புலத்தினூடே உலோகம் அசையும்போது அதனுள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்பதை 1831 இல் பாரடே கண்டார். அவ்வாறு பிறக்கும் மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த அசைவையே எதிர்க்கும் என்று 1834 இல் லென்ஸ் விதி வகுத்தார். வட்டத்தட்டு சுழலும் பழைய மின்சார மீட்டரை நீங்கள் பார்த்திருக்கலாம். அத்தட்டு மனம்போல் ஓடிவிடாமல் அளவோடு சுழலச் செய்வது அருகிலிருக்கும் ஒரு காந்தமே. அதே தத்துவம் இங்கே பெரிய அளவில் பயன்படுகிறது. காந்தத்தின் வலிமையைக் கூட்டினால் மிதிப்பது கடினமாகிறது, குறைத்தால் எளிதாகிறது.

எவ்வளவு கூட்டுவது என்பதைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 10 கிலோ, ஆக 80 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஒரு மேட்டில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமாயின், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 118 வாட் திறன் தேவை. 80ஐ 9.8ஆலும், 0.05ஆலும், 3ஆலும் பெருக்கிப் பாருங்கள். கணக்கு சரியாக இருக்கும். முன்னே உள்ள திரையில் மேடு தோன்றும்போது இக்கணக்கு இடையறாது நடைபெறுகிறது, காந்தம் இறுகுகிறது, ஓட்டுபவரின் கால் அந்த மேட்டை உணர்கிறது. இணையத்தின் வழியே வேறு நாடுகளில் மிதிப்போரும் அதே திரையில் உடன் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கோடையில் மிதிப்பவரும், நார்வேயில் பனியிரவில் மிதிப்பவரும் ஒரே மேட்டில் ஒருவரை ஒருவர் முந்த முயல்கிறார்கள்.

வெளியே கடுங்குளிராயிருப்பினும், அறைக்குள் மிதிப்பவருக்குப் பகையாவது வெப்பமே. இது வியப்பாகத் தோன்றலாம். நம் உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மிதிகட்டையைச் சேர்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. ஒருவர் 200 வாட் திறனோடு மிதித்தால், குறைந்தது 600 வாட் அளவு வெப்பத்தை அவர் உடல் வெளியேற்ற வேண்டும். ஓர் சிறிய மின் அடுப்புக்கு நிகரான வெப்பம் அது! சாலையில் எதிர்க்காற்று அதனை வாரிச் சென்றுவிடும். அறையில் காற்று அசைவதில்லை. ஆகவே, சாளரத்துக்கு வெளியே பனி பொழிந்துகொண்டிருக்க, உள்ளே மின்விசிறியைச் சுழலவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட மிதிக்கிறார்கள். அந்த வெப்பம் முழுவதையும் வியர்வை ஆவியாகித்தான் போக்க வேண்டும் என்றால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் தேவைப்படும். விசிறியும் குடிநீரும் இல்லாமல் இப்பயிற்சியில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

இப்பயிற்சி உண்மையான சாலையில் பயன் தருமா? மாத்யூ ஹேமன் என்னும் ஆஸ்திரேலிய வீரரின் வரலாறு இதற்கு விடை கூறும். 2016 ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், பெல்ஜியத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் விழுந்து அவர் கை எலும்பு முறிந்தது. பாரிஸ்–ரூபே பந்தயத்துக்கு ஆறு வாரங்களே இருந்தன. அது கருங்கல் பாவிய கரடுமுரடான பகுதிகளையும் கடந்து 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டிய கடும் பந்தயம். அவருக்கோ வயது 37. பலரும் அந்த ஆண்டை மறந்துவிடுவார்கள். அவரோ தம் வண்டிக் கொட்டகையில் பயிற்சிப்பொறியை நிறுத்தி, முறிந்த கைக்குச் சுமை வாராதபடி, நாள்தோறும் மிதித்தார். ஏப்ரல் 10 ஆம் நாள் ரூபே நகரின் ஓட்டக் களத்தில், அப்பந்தயத்தை நான்கு முறை வென்றிருந்த டாம் பூனனை முந்தி முதலாவதாக வந்தார். கொட்டகையில் ஒரு சாண் தொலைவும் நகராத வண்டி, அவரை வெற்றிக் கம்பம் வரை கொண்டுசென்றது!

2020 ஆம் ஆண்டில் கொள்ளை நோய் உலகின் கதவுகளை அடைத்தபோது, இப்பொறிகளின்மேலேயே பந்தயங்கள் நடந்தன. அவ்வாண்டு டிசம்பர் 9 ஆம் நாள் இவ்வகையில் முதல் உலகப் பட்டப் போட்டி நடைபெற்றது. ஆடவரில் வென்ற ஜெர்மானியர் ஜேசன் ஆஸ்போர்ன், அதுவரை படகோட்டும் வீரராகவே அறியப்பட்டவர். மகளிரில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ வென்றார். அவரவர் இருந்த இடத்தில் இருந்துகொண்டே உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டனர்.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தனி அறையில், யாரும் பாராத இடத்தில் ஒருவர் மிதிக்கிறார். அவர் நேர்மையாக மிதிக்கிறார் என்பதற்கு என்ன உறுதி? கணிப்பொறி அவர் உடல் எடையை அவர் சொல்லியே அறிகிறது. 75 கிலோ எடையுள்ளவர் 300 வாட் திறனோடு மிதித்தால் ஒரு கிலோவுக்கு 4 வாட் ஆகிறது. தம் எடை 60 கிலோ என்று அவர் பொய் கூறிவிட்டால் அது 5 வாட் ஆகிவிடும். திரையிலுள்ள மேட்டில் அவர் எல்லோரையும் எளிதில் முந்திவிடுவார். பெரிய போட்டிகளில் எடை பார்ப்பதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பன போன்ற விதிகள் இதனாலேயே ஏற்பட்டன.

2019 இல் பிரிட்டனில் நடந்த தேசியப் போட்டியில் வென்ற ஒருவரின் பட்டம் சில மாதங்களுக்குப் பின் பறிக்கப்பட்டது. பந்தயத்தன்று அவர் தம் கால்களாலேயே மிதித்தார். ஆனால் அன்று திரையில் அவர் பயன்படுத்திய விரைவு மிக்க வண்டியைப் பெறுவதற்கு நெடுந்தொலைவு மிதித்துத் தகுதி தேட வேண்டும். அந்தத் தொலைவைத் தாம் மிதியாமல், கணிப்பொறி நிரல் ஒன்றை மிதிப்பதுபோல் நடிக்கவிட்டிருந்தார். அதனால் அவருக்கு ஆறு மாதத் தடையும் அபராதமும் விதிக்கப்பட்டன. திரையிலுள்ள வண்டி நிழல்தான். அதற்காக உழைப்பதாக ஏற்றுக்கொண்ட சொல் நிழலன்று.

இப்பொறி எல்லாவற்றையும் தந்துவிடும் என்று எண்ணலாகாது. திருப்பத்தில் உடலைச் சாய்ப்பதையும், ஈரச் சாலையில் தடையைப் பதமாகப் பிடிப்பதையும், எதிரே வரும் வண்டியின் எண்ணத்தை உணர்வதையும் சாலைதான் கற்பிக்க வேண்டும். அறைக்குள் வெயில் இல்லை. மண் வாசனை இல்லை. விலையும் அதிகம். கண்ணியமான சாலையும் ஒரு பழைய மிதிவண்டியும் வாய்த்தவர், இப்பொறி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

ஆயினும், இந்த நகராத வண்டி ஒரு செய்தியைத் தெளிவாகக் கூறுகிறது. நாம் செல்லும் தொலைவு வேறு. நாம் அடையும் வளர்ச்சி வேறு. பனி உருகி வசந்தம் வரும்போது, நான்கு மாதம் அறைக்குள் மிதித்தவரும் ஓய்ந்திருந்தவரும் ஒரே சாலையில் இறங்குகிறார்கள். முதல் மேட்டிலேயே இருவருக்கும் வேறுபாடு தெரிந்துவிடுகிறது. அந்த மேடு எவரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. திரையில் காட்டிய எண்களையும் கேட்பதில்லை. உண்மையாக மிதித்தவனை ஏறவிடுகிறது. பொய்யாக மிதித்தவனை இறங்கித் தள்ளச் செய்கிறது. தேர்வுக்கு முந்திய மாதங்களில் தனியறையில் அமர்ந்து படிக்கும் மாணவனுக்கும் இது பொருந்தும் அன்றோ? ஒருவரும் பாராத வேளையில், ஓரிடமும் செல்லாமல் நாம் செய்யும் உழைப்பில் கிடைப்பதே இச்செக்கின் எண்ணெய்.