எடுத்த இடம் எது?



இணையத்திலே கட்டுரை எழுதுவோரிடம் காணப்படும் குறைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். எழுத்துப்பிழை, ஆரவாரமான தலைப்பு, அரைப்பக்க விஷயத்தை ஆறு பக்கமாக நீட்டுதல் என அக்குறைகள் பல. ஆயினும் அவை சிரத்தையுள்ள ஓர் ஆசிரியரின் திருத்தத்தால் நீங்கிவிடக்கூடியவை ஆதலின், அவற்றை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. பிறர் வருந்தித் தேடிய செய்தியை, எடுத்த இடத்தைச் சொல்லாமல் வெட்டி ஒட்டி, அடியிலே தம் பெயரைப் பொறித்துக்கொள்ளும் வழக்கமே அது.

இவ்வழக்கம் பிற இடங்களிலே காணப்படின் வருந்தலாம். யாழ்ப்பாணத்திலே காணப்படின் வெட்கப்படவே வேண்டும். சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய காலத்து, செல்லரித்தும் ஓரம் முறிந்தும் கிடந்த ஏடுகளைப் பெரும் பிரயத்தனத்தோடு தேடிப்பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கியதோடு அமையாது, பிரதி உதவியவர்களின் பெயரையும், தம் பதிப்பிலே குறைகள் இருத்தல் கூடும் என்பதையும் பதிப்புரையிலே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். அதனாலேதான், அவருக்குப் பின்வந்த பதிப்பாசிரியர்கள் அவர் நின்ற இடத்திலிருந்து மேலே நடக்க முடிந்தது. வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரோ, தாம் வெளியிட்ட கிரந்தங்களிலே ஓர் அச்சுப்பிழையும் நேராதிருக்க எத்துணைக் கவலை கொண்டார் என்பதை இச்சபையிலே நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலையை ஓர் உதாரணத்தாற் காட்டுகிறேன். அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணத்திலே 1841இலே தொடக்கிய ‘உதயதாரகை’, தமிழும் ஆங்கிலமுமாய் வெளிவந்த பெருமைக்குரிய பத்திரிகை. அப்பெருமை போதாதென்று எண்ணியோ என்னவோ, உலகிலே முதன்முதல் வெளிவந்த தமிழ் இதழே அதுதான் என எவரேனும் ஒருவர் எழுதிவிடுகிறார். சென்னையிலே 1831இலேயே ‘தமிழ் மேகசின்’ என்னும் இதழ் பிரசுரமாயிற்று என்பதை அவர் தேடவில்லை. அவரைப் பார்த்து மற்றொருவர் எழுத, அவ்விருவரையும் சாட்சியாகக் கொண்டு மூன்றாமவர் எழுத, ஒரே தவறு மூன்று ஆதாரங்களின் கோலத்தைப் பெற்றுவிடுகிறது. ஊர்ப்பற்று நல்லதே, ஆனால் சொந்த ஊருக்குப் பொய்ப்பெருமை தேடித் தருவோர், அதன் மெய்ப்பெருமையையும் பிறர் சந்தேகிக்கும்படி செய்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் முன்னுறுதி எங்கே, பின்னுறுதி எங்கே, தோம்பு என்னும் பழைய காணிப்பதிவேட்டிலே என்ன பெயர் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகத் துருவிப் பார்க்கும் நாம், நம்முடைய வரலாற்றை மாத்திரம் உறுதியில்லாமலே கைமாற்றிக்கொள்ளச் சம்மதிப்பது எங்ஙனம்?

இவ்விடத்திலே இதனை நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1981 ஆம் ஆண்டு மூட்டப்பட்ட தீயிலே நமது யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்து, பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மீளப் பெறவியலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. மூலநூல் ஒரு நூலகத்திலே பத்திரமாக இருக்கும் தேசத்திலே, கட்டுரையாளர் ஒருவர் தவறு செய்தால், நாளை வேறொருவர் மூலத்தை எடுத்துப் பார்த்துத் திருத்திவிடுவார். மூலமே அழிந்துபோன இடத்திலே, அதைக் கண்ணாற் கண்டவர் எழுதிய குறிப்பும், அக்குறிப்பு எங்கிருக்கிறது என்ற தகவலுமே நமக்கு எஞ்சிய செல்வம். அந்தத் தகவலையும் வெட்டியெறிந்துவிட்டுச் செய்தியை மட்டும் ஒட்டிக்கொள்பவர், தாம் அறியாமலே அழிவுக்குத் துணைபோகிறார். இது கடுமையான வார்த்தை என்பதை அறிந்தே சொல்லுகிறேன். அந்த எரிப்பைப் பற்றி எழுதும் கட்டுரைகளிலேகூட நூல்களின் தொகை ஒன்றுக்கொன்று மாறுபடுவதும், எவரிடமிருந்து அத்தொகையைப் பெற்றோம் என்பதைப் பலர் குறியாதிருப்பதும் எவ்வளவு துயரமானவை!

தேடுவதற்கு வழியில்லை என்ற சமாதானம் இன்று செல்லாது. 2005 தொடக்கம் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் காசின்றிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஒரு காலத்திலே மாட்டு வண்டியிலும் கப்பலிலும் பிரயாணம் செய்து தேட வேண்டியிருந்ததை, இன்று வீட்டுத் திண்ணையிலிருந்தே தேடலாம். தேடாமல் எழுதுவதற்கு நம்மிடம் என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே இளைஞர்களிடம் என் வேண்டுகோள் இது. இறந்தவர் நினைவாக அந்தியேட்டி நாளிலே வெளியிட்ட ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூல்கள் நம் வீடுகளிலே பெட்டியடியிலே கிடக்கின்றன; அவற்றிலே ஊரின் குளம், கோயில், பள்ளிக்கூடம், குடிவழி ஆகியன பற்றிய, வேறெங்கும் கிடையாத செய்திகள் உண்டு. அவற்றை எடுத்துப் படியுங்கள், படித்ததை எழுதுங்கள், எழுதும்போது எந்தக் கல்வெட்டு, எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்பதைக் கட்டுரையின் அடியிலே குறியுங்கள். பின்னர் தவறென்று தெரியவந்தால், சொல்லாமல் மாற்றிவிடாது, திருத்தியதையும் திருத்திய திகதியையும் அவ்விடத்திலேயே எழுதிவையுங்கள். பழைய கல்வெட்டு வைத்திருக்கும் பெரியோர்கள், கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அதனைப் படமெடுக்கக் கொடுத்துதவுங்கள்.