12 கிலோமீட்டர் கணக்கு

ராஜபாளையத்தில் கார் வைத்திருக்கிற யாரிடமாவது, "எந்த பங்க்கில பெட்ரோல் போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். தென்காசி ரோட்டில் ஒரு பங்க்கைச் சொல்லி, அங்கே போட்டால்தான் மைலேஜ் கிடைக்கிறது என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரோ வேறொன்றைச் சொல்லிவிட்டு, ராஜபாளையத்துப் பெட்ரோலையே குறை சொல்வார். "சரி அண்ணாச்சி, உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "பதினெட்டு... இருபது குடுக்கும்" என்று இழுப்பார். எழுதிப் பார்த்திருக்கிறாரா என்றால், இல்லை.

முதலில் அந்த 'நல்ல பங்க்' விவகாரத்தைப் பார்த்துவிடுவோம். வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பங்க்குக்காகவே வண்டியை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். போக வர 8 கிலோமீட்டர். ஊருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றால் அரை லிட்டர் அதிலேயே காலி. ஒவ்வொரு பங்க்கிலும் அளவு சரிபார்க்க முத்திரை வைத்த 5 லிட்டர் அளவை ஒன்று இருக்கும். அதில் பிடித்துப் பார்க்கும்போது 25 மில்லி வரை வித்தியாசம் இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. நூற்றுக்கு அரை. பக்கத்து பங்க்கில் அந்த 25 மில்லி குறையவே செய்கிறது, தூரத்து பங்க்கில் துல்லியமாக ஊற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், போய்வந்த அரை லிட்டரை ஈடுகட்ட அங்கே ஒரே தடவையில் 100 லிட்டர் போட வேண்டும். நம் சின்னக் கார்களின் டேங்க் 35, 37 லிட்டர்தான்.

அதற்கு மேலும் குறைகிறது என்று சந்தேகமா? அந்த 5 லிட்டர் அளவையை எடுத்து வரச் சொல்லுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. கலப்படமோ என்று தோன்றினால் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு அதில் ஒரு சொட்டு விட்டால், ஓரிரண்டு நிமிடத்தில் கருங்கறை இல்லாமல் காய்ந்துவிட வேண்டும். நான் பார்த்தவரை இதையெல்லாம் கேட்கிறவர் அபூர்வம். 100 ரூபாய்க்குப் பதிலாக 110 ரூபாய்க்குப் போட்டு பங்க்காரரை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறவர்கள்தான் அதிகம். மெஷின் அளப்பது லிட்டரை. ரூபாய் என்பது அதை விலையால் பெருக்கி வருகிற தொகை. மெஷினில் கைவைக்கிறவன் 110-க்கும் சேர்த்துத்தான் வைப்பான்.

விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதில் பாதி நிஜம் உண்டு. சூட்டில் பெட்ரோல் விரியும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் பங்க்கில் அது வெயிலில் கிடக்கவில்லை, மண்ணுக்கடியில் தொட்டியில் கிடக்கிறது. சித்திரை மத்தியானத்தில் மேலே தார் இளகினாலும் கீழே அவ்வளவாக மாற்றமில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது, ஞாபகம் இருக்கும். 2017 ஜூன் 16-லிருந்துதான் நாடு முழுவதும் பெட்ரோல் விலை தினமும் காலை 6 மணிக்கு நிர்ணயமாகிறது. அதற்கு முன் மாதத்துக்கு இரண்டு தடவை, 1-ஆம் தேதியையும் 16-ஆம் தேதியையும் ஒட்டி மாறும். நள்ளிரவு முதல் விலை ஏறுகிறது என்று ராத்திரிச் செய்தியில் சொன்னதுமே பங்க் வாசலில் வரிசை நின்றுவிடும். லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் பிடிக்க வந்து, இன்ஜினை அணைக்காமலே அரைமணி நேரம் நின்றவர்களும் அந்த வரிசையில் உண்டு!

அப்படியானால் பெட்ரோல் எங்கேதான் போகிறது? பெரும்பகுதி, வீட்டுக்கும் கடைக்கும் நடுவே. இன்ஜின் நன்றாக வேலை செய்ய அதன் தண்ணீர் 90 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். நமக்குப் புழுங்குகிற 35 டிகிரி, அதற்குக் குளிர்தான். சூடேற சில கிலோமீட்டர் ஓட வேண்டும்; அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். மார்க்கெட்டுக்கு 2 கிலோமீட்டர் போய், அணைத்து, திரும்பி வந்து, சாயங்காலம் பிள்ளையை டியூஷனில் விட மறுபடி எடுத்தால், இன்ஜின் ஒரு தடவையும் பதத்துக்கு வருவதே இல்லை. வண்டி லிட்டருக்கு 11 தான் தருகிறது என்று மெக்கானிக்கிடம் போகிறவர்களில் பலருக்கு நோய் இதுதான். இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடித்தால் தீரும். அல்லது நடந்தால்.

கம்பெனி சொல்கிற 22, 24 எல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்துவைத்த வேகத்தில் ஓட்டி எடுக்கிற எண் அது. அந்த உருளைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ குறுக்கே வராது. பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றாது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்ற நம் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள 12 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலையில் ஒரு துண்டு அது. மடவார்வளாகம் தாண்டியதும் காலை அழுத்துகிறவர்கள் உண்டு. அந்தத் தூரம் முழுக்க 60-லேயே போக முடிந்தால் 12 நிமிடம், 90-லேயே போனால் 8 நிமிடம். மிச்சம் 4 நிமிடம். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 60-க்கும் 90-க்கும் இடையே இரண்டேகால் மடங்கு. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கையில் வில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், தென்காசி என்று போகிறவர்களுக்கு அதுவும் எதிரே வந்து சேரும். திரும்பும்போது மைலேஜ் கூடியதற்குத் தென்காசி பங்க்கைப் பாராட்டுகிறவரை எனக்குத் தெரியும்.

வேகத்தைக் குறைத்து எண்ணெயை மிச்சம் பிடிக்க அமெரிக்காவே சட்டம் போட்டது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், அடுத்த ஜனவரியிலேயே நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று கட்டுப்படுத்தினார்கள். 1995 வரை அந்தச் சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. நம் நாட்டில் 1978-இல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45-க்கும் 55-க்கும் இடையே ஓட்டுங்கள் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. நெடுஞ்சாலையில் 50-இல் போனால் பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனாலேயே நம்மைத் தள்ளிவிடுவார் என்பது வேறு விஷயம். 60, 70 என்று ஒரே சீராகப் போங்கள், போதும்.

நிற்கிற காரும் குடிக்கும். வில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் பெரியவர் இறங்கிப் போயிருப்பார். காருக்குள் நாலு பேர், ஏசி ஓடும். நின்றபடியே இன்ஜின் ஓடினால் சின்னக் காருக்கும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகும், ஏசி போட்டால் இன்னும் கூட. ரயில்வே கேட் மூடியிருந்தாலும் இதே கதைதான்.

இப்போது எல்லோரும் கேட்கிற எத்தனால். 2025-லிருந்து நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வண்டிகளில் 6, 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. இந்தக் கலவைக்கென்றே சரிசெய்த புது வண்டிகளில் 1, 2 சதவீதம்தான். 18 கொடுத்த வண்டி 17 கொடுத்தால் எத்தனால் என்று சொல்லலாம். 13-க்கு இறங்கியிருந்தால் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் முன்னே 18 கொடுத்தது என்பது நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டுமே!

அதற்கு வழி சுலபம். நாசில் தானாக நிற்கிற வரை டேங்க்கை நிரப்புங்கள். ரவுண்டாக வரட்டும் என்று அதற்கு மேல் ஊற்றச் சொல்ல வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டி, அடுத்த முறையும் அதே பங்க்கில் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை பார்த்து நம்பிவிட வேண்டாம். நாலைந்து தடவை எழுதினால் உங்கள் வண்டியின் உண்மை எண் கிடைத்துவிடும். இந்தக் கணக்கு விளையாட்டல்ல. 2022 ஜூலையில் இலங்கையில் எரிபொருளுக்கு அட்டை முறை வந்து, காருக்கு வாரம் 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வண்டி வைத்திருந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டே தீரவேண்டியிருந்தது.

கடைசியாக, டேங்க் நிறையப் போடுவதா, அவ்வப்போது 500 ரூபாய்க்குப் போடுவதா? முழு டேங்க் 37 லிட்டர் என்றாலும் எடை 27, 28 கிலோதான், வண்டிக்கு அது பாரமே இல்லை. செங்கோட்டை வழியாகக் கேரளா போகிறவர்கள் நிரப்பிக்கொண்டே போங்கள். அங்கே வரி கூடுதல், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு. திரும்பி வரும்போது புளியரை இறக்கத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடாதீர்கள். வண்டி கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய வண்டிகள் இன்ஜினுக்குப் போகிற பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பிரேக்கும் அந்த இறக்கத்தின் எஸ் வளைவுக்குள் சூடேறிப் பிடிக்காமல் போகலாம்.