கட்டத்தாளில் எழுதாத பெயர்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதை பற்றிப் பேசுவோர் பலர். இவ்வுரை கவிதையின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றியது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அவரை 'டிசைன் போடுகிறவர்' என்று சொல்லுவர். பட்டுச்சேலையின் கரையிலும் முந்தியிலும் எழும் மயிலையும் யாளியையும் முதன்முதலில் தாளில் எழுப்புகிறவர் அவர். சேலையை நெய்தவரை ஊர் அறியும். விற்ற கடையை உலகம் அறியும். எழுதிக்கொடுத்தவரை ஒருவரும் அறியார்.

இன்றைய அலுவலகங்களில் இதற்கு நிகரான ஒரு தொழில் வளர்ந்திருக்கின்றது. கூட்டத்தில் ஒருவர் பேசுகிறார். அவருக்குப் பின்னால் திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 1987இல் 'பவர்பாயிண்ட்' வெளிவந்த பிறகு இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. அப்படங்களை அமைத்துத் தருவதற்கென்றே தனி வடிவமைப்பாளர்கள் உள்ளனர். கருத்து பேசுகிறவருடையது, கைதட்டலும் அவருக்கே. அக்கருத்தைக் கண்ணுக்குப் புலனாக்கியவர் அரங்கின் ஓரத்தில் நிற்கிறார். பிறர் நினைப்பதைக் காட்சியாக்கிவிட்டுத் தாம் மறைந்துகொள்ளும் இவ்வேலை பிள்ளையார்பாளையத்துக்குப் பழகிய ஒன்றேயாகும்.

ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தரின் வருகையோடு இவ்வூர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. அப்பரும் சுந்தரரும் பாடிய திருமேற்றளி இங்கேதான் இருக்கின்றது. அவர் பாடல் கேட்டுத் திருமால் உருகினார் என்னும் ஐதிகத்தால் அங்கு ஓதவுருகீசர் என்று ஒரு சந்நிதியும் உண்டு. பாட்டின் பெயரால் நினைக்கப்படும் இத்தெருக்களில் கேட்கும் ஓசை தறியோசை.

டிசைன் போடுகிறவரின் கருவிகள் சிலவே. பென்சில், அழிப்பான், அளவுகோல், வண்ணம், தூரிகை, கட்டத்தாள். இவற்றுள் கட்டத்தாளே அவருக்கு நிலம். முதலில் உருவத்தை வெறுந்தாளில் கோடாக வரைகிறார். பின்பு அதனைக் கட்டத்தாளுக்குக் கொண்டு செல்கிறார். அங்கே கோடு என்பது கிடையாது. கட்டம் ஒன்று நிரம்பும், அல்லது வெறுமையாக நிற்கும். அரைக்கட்டம் என்று ஒன்றில்லை. அன்னத்தின் கழுத்து வளைவையும் படிப்படியான கட்டங்களாலேயே காட்டியாக வேண்டும். செங்குத்து வரிசை ஒவ்வொன்றும் ஜக்கார்டின் ஒரு கொக்கியைக் குறிக்கும். கிடை வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊடையைக் குறிக்கும். 240 கொக்கிகளில் 240 ஊடைகளுக்கு ஓர் உருவம் எழுத வேண்டுமென்றால் 57,600 கட்டங்களைப் பற்றி அவர் முடிவு செய்தாக வேண்டும்.

கட்டத்தாளை அடுத்து அட்டை. பொதுவாகக் கிடை வரிசை ஒன்றுக்கு ஓர் அட்டை. நிரம்பிய கட்டம் அட்டையில் துளையாகின்றது. துளை உள்ள இடத்தில் ஜக்கார்டின் ஊசி உட்செல்லும், அதன் கொக்கி உயரும், பாவிழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும்; இழை கிடந்தபடியே கிடக்கும். குத்திய அட்டைகளுக்கு வரிசை எண்ணிட்டுக் கயிற்றால் கோத்து மாலையாகத் தறியின் மேல் தொங்கவிடுவர். ஒரே ஓர் அட்டை இடம் மாறினாலும் அப்பிழை உருவம் திரும்பும் போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும்.

கவிஞர்கள் கருத வேண்டியது அவருக்குள்ள கட்டுப்பாடுகளை. ஓர் அங்குலத்தில் நிற்கும் பாவிழைகளின் எண்ணிக்கையும், அதே அளவில் விழும் ஊடைகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இதனைக் கணக்கிடாமல் தாளில் வட்டமாக வரைந்த ருத்திராட்சம் சேலையில் முட்டையாக நீண்டுவிடும், அல்லது நசுங்கிவிடும். சேலையில் வட்டம் வர வேண்டுமானால் தாளில் எதை வரைய வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே காண வேண்டும்.

அடுத்தது சரிகை. பல இழைகளைத் தாண்டிச் சரிகை மேலே மிதந்து கிடந்தால் உடுத்துகிறவரின் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டிக்கொள்ளும். ஆகவே மயிலின் உடல் முழுப்பொன்னாகத் தோன்றினாலும் இடையிடையே பாவிழை அதனைப் பிடித்துக் கட்ட வேண்டும். கைதேராதவர் தாளில் அக்கட்டுப்புள்ளிகள் அம்மைத் தழும்புபோல் தெரியும். தேர்ந்தவர் தாளில் அவையே மயிலின் இறகு வரிசையாகிவிடும். துணியின் தேவையும் உருவத்தின் அழகும் அங்கே ஒன்றாகின்றன. எதுகைக்காக வந்த சொல்லே பொருளுக்கும் உரிய சொல்லாக நிற்கும் அடியைக் கவிஞர்கள் அறிவார்கள். இது அதற்கு ஒப்பானது.

மூன்றாவது, உருவம் தன்னையே சந்திக்கும் இடம். கரை முழுவதும் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகின்றது. முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் கண் தடுக்கக் கூடாது. இது அந்தாதிக்குரிய சிக்கல்.

ஜக்கார்டு வருவதற்கு முன்பு காஞ்சியில் 'அடை' முறை இருந்தது. எந்த ஊடைக்கு எந்தப் பாவிழைகள் எழ வேண்டும் என்பதை நூலாலேயே முடிந்து வைப்பார்கள். நெசவின்போது அதனை இழுத்துக்கொடுக்க உடன் ஓர் ஆள் வேண்டும். உருவத்தின் நினைவு அன்று முடிச்சுகளில் இருந்தது. பின்னர் துளைகளுக்குக் குடிபெயர்ந்தது.

துளைகளின் கதை பிரான்சு நாட்டின் லியோன் நகரோடு தொடர்புடையது. அங்கே 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட தாளால் இழைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கண்டார். 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு தம் பொறியை உருவாக்கினார். அவருடைய உருவத்தையே 1839இல் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அதற்கு மூலமான ஓவியத்தை வரைந்தவர் போனஃபோன், நெய்தவர் கார்க்கியா என்று வரலாறு பெயர் சொல்லுகின்றது. அப்பட்டுப் படத்தின் படியொன்றை வைத்திருந்தவர் சார்ல்ஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அவர் எடுத்துக்கொண்டதும் தறியின் அட்டையைத்தான். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். அவ்வழியில் வளர்ந்த கணினி இன்று காஞ்சிக்குத் திரும்பி வந்து, டிசைன் போடுகிறவரின் மேசையில் அமர்ந்திருக்கின்றது. கட்டங்கள் திரையில் நிரம்புகின்றன. மின்னணு ஜக்கார்டில் அட்டையே தேவைப்படுவதில்லை.

வேலை எளிதாயிற்று, வரவேற்க வேண்டியதே. நாட்கணக்கில் கட்டம் நிரப்பிக் கண் மங்கியவர்களின் துயரத்தைக் கலையென்று போற்றுவது இரக்கமற்ற செயல். ஆனால், திரைக்கு வந்தபின் வேறொன்றும் எளிதாயிற்று. ஒருவர் எழுதிய உருவத்தை இன்னொருவர் படியெடுப்பது நொடிப்பொழுதின் வேலையாகிவிட்டது.

இங்கே சட்டம் என்ன சொல்லுகின்றது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கவிஞரின் கவிதைக்கு, அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. கவிஞர் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வடிவமைப்பின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகள். பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரியவராலோ அவர் இசைவு பெற்றவராலோ அது தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பொருளில் படியெடுக்கப்பட்டால், பதிப்புரிமை அத்துடன் அற்றுப்போகும். கவிதை ஐம்பது பேர் நாவில் ஏறினால் கவிஞருக்குப் புகழ். மயில் ஐம்பது சேலைகளில் ஏறிவிட்டால், எழுதியவர் தம் மயிலைத் தம்முடையது என்று உரிமை கோர இயலாத நிலை வரக்கூடும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கின்றது. எழுதியவர் பெயர் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

மயிலும் அன்னமும் தாழம்பூ ரேக்கும் மரபுக்குச் சொந்தம். அவற்றுக்குத் தனி உரிமையாளர் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சொற்களும் எல்லோருக்கும் பொதுவானவைதாம். ஆயினும் அவற்றை ஒருவர் அடுக்கிய முறை அவருடையது என்பதில் இவ்வவைக்கு ஐயம் இராது. 'எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் ஏழை நெசவாளர் எதை நெய்வார்?' என்பது இன்னும் கனமான கேள்வி. படியெடுத்துப் பிழைத்த தெருவில் பூட்டு பசியையும் கொண்டுவரும். ஆகவே இவ்வுரை கேட்பது பூட்டை அன்று, பெயரை மட்டுமே.

பிள்ளையார்பாளையத்துக்கு மேற்கே அருகிலேயே கைலாசநாதர் கோயில் இருக்கின்றது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்தது. சுற்றாலைச் சிறுகோயில்களில் அம்மன்னனின் விருதுப்பெயர்கள் இருநூற்றுக்கும் மேல் வெட்டப்பட்டுள்ளன. தூண்களில் யாளிகள் எழுந்து நிற்கின்றன. அந்த யாளிகளே காஞ்சிச் சேலையிலும் வருகின்றன. மன்னனின் பெயர் இருநூறு முறைக்கு மேல் எழுதப்பட்ட அச்சுவரில் யாளியைச் செதுக்கியவர் யாரென்று தேடினால் கிடைப்பதில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் யாளியை எழுதுகிறவரின் நிலை பெரிதும் மாறிவிடவில்லை.

நன்னூல் பாயிரம் நூல் செய்வதை நூல் நூற்பதோடு ஒப்பிடுகின்றது. சொல் பஞ்சு, புலவர் நூற்கும் பெண், வாய் அவள் கை, மதி கதிர். ஒப்புமை நூற்பதோடு நின்றுவிடுகின்றது; பாவில் உருவத்தை எழுதுகிறவர் அதில் இல்லை. ஆனால் தமிழ் இலக்கிய உலகம் அவரை அறியாததன்று. சிற்றிதழ் வாசகர்கள் கோட்டோவியங்களாலும் நூல் முகப்புகளாலும் அறிந்த கே. எம். ஆதிமூலம் (1938–2008) நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். நூலின் முகப்பில் அவர் வரைந்த கோட்டுக்கு உள்பக்கத்தில் பெயர் அச்சாயிற்று. துணிக்கு வரைகிறவர்களுக்கு அவ்வாறு ஓர் உள்பக்கம் வாய்ப்பதில்லை.

செய்யக்கூடியது பெரிய செயல் ஒன்றுமில்லை. கட்டத்தாளின் மூலையில் எழுதியவர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். கணினிக் கோப்பிலும் அவ்வாறே இருக்கட்டும். சேலையோடு கடை தரும் சீட்டில் நெய்தவர் பெயருக்கு அருகே எழுதியவர் பெயருக்கும் ஒரு வரி இடம் கிடைக்கட்டும். பழைய கட்டத்தாள்கள் எடைக்குப் போகும் முன், ஊரில் ஒரு நூலகமோ ஒரு மன்றமோ அவற்றை வாங்கி அடுக்கி வைக்கட்டும். புதிதாக எழுதும் இளைஞருக்கு அவை பாடநூலாகும்.

இவ்விழாவின் மலர் அச்சேறும்போது அட்டைப்படம் வரைந்தவர் பெயர் அதில் இருக்கும். இருக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அட்டைக்கு வரைந்தவருக்குரிய அம்மரியாதை, தறியின் அட்டைக்கு எழுதியவருக்கும் உரியதே.