சந்தா என்னும் கடன்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவின் நினைவாக நம் வட்டம் காலாண்டிதழ் ஒன்று தொடங்க வேண்டும் என்னும் கருத்து இங்கு எழுந்துள்ளது. தொடங்கும் இதழை வாழ்த்தப் பலர் உளர். நின்றுபோகும் இதழின் சந்தாதாரரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

சந்தா என்பது பாரசீக மூலமுடைய சொல். இந்தியிலும் உருதுவிலும் அது நன்கொடையையும் குறிக்கும். இதழுக்கான கட்டணத்தையும் குறிக்கும். நம் சிற்றிதழ் உலகின் குழப்பம் இவ்விரு பொருளுக்கும் இடையே இருக்கிறது. வாசகர் கட்டணமாகச் செலுத்துவதை, இதழ் நடத்துவோர் பல வேளைகளில் நன்கொடையாகக் கொண்டுவிடுகின்றனர்.

இதழ்கள் நிற்பது புதிதன்று. 1933இல் வார இதழாகப் பிறந்த 'மணிக்கொடி' நின்று, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மீண்டது. 1959இல் சி.சு. செல்லப்பா மாத இதழாகத் தொடங்கிய 'எழுத்து', காலாண்டிதழாகச் சுருங்கி 1970இல் முடிந்தது. 'தீபம்', அதன் ஆசிரியர் நா. பார்த்தசாரதி 1987இல் மறைந்தபின் நெடுநாள் தொடரவில்லை. ஒருவர் தோளில் நிற்கும் இதழ், அத்தோள் தளரும்போது சாய்வது இயல்பு. அதில் பழியில்லை. சொல்லாமல் நிற்பதே பழிக்குரியது.

நானும் மாத இதழ் ஒன்றுக்கு இரண்டாண்டுச் சந்தா செலுத்தினேன். ஏழு இதழ்கள் வந்தன, பதினேழு வரவில்லை. இரு கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. மூன்றாவது கடிதம், பெறுநர் இல்லை என்னும் குறிப்புடன் திரும்பிற்று. பணத்தினும் அம்மௌனமே வருத்திற்று.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. முன்கூட்டிப் பெற்ற சந்தா, இதழ் அனுப்பப்படும்வரை கணக்கேட்டில் வருமானமன்று, பொறுப்பு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாசகர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லை. பதிப்பகம் நிறுவனமாயிருந்து நொடித்துப்போனால் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்ட வரிசையில் நடைமுறைச் செலவு, தொழிலாளர் ஊதியம், பிணையுள்ள கடன் ஆகியவை முன்நிற்கும். சந்தாதாரர் பின்வரிசையில் நிற்பார். அவர் முறை வருவதற்குள் பெரும்பாலும் பெட்டி காலியாகியிருக்கும். முந்நூறு ரூபாய்க்காக யார்தான் வழக்காடுவார்? ஆகவே இக்கடன் சட்டத்தினும் மனச்சான்றையே நம்பி நிற்கிறது.

கவிதைக்கு முன் காசுக்கணக்கா என்று நண்பர்கள் வினவக்கூடும். ஓர் இதழிடம் ஏமாந்த வாசகர் அடுத்த இதழுக்குப் பணம் அனுப்பத் தயங்குகிறார். மூத்தோர் விட்டுச்சென்ற கடனை இளங்கவிஞரின் முதல் இதழ் அடைக்கிறது. இவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

ஆதலின் நான்கு செய்திகளை வட்டத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, ஓராண்டுச் சந்தா மட்டுமே பெறுவோம். ஆயுள் சந்தா வேண்டா. யாருடைய ஆயுள் என்பதை எவரும் அறியார். இரண்டாவது, சந்தாப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஓரிதழ் வெளிவந்தபின் நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுப்போம். மூன்றாவது, சந்தாதாரர் பட்டியல் இருவரிடமேனும் இருக்கட்டும். நான்காவது, இதழ் நிற்க நேரின் ஒவ்வொருவர்க்கும் கடிதம் எழுதி, மீதித் தொகையைத் திருப்புவோம். விரும்புவோர்க்கு அதற்கீடாக நூல்கள் அனுப்புவோம்.

அச்சகத்தாருக்கும் தாள் வணிகருக்கும் பாக்கி வைக்க நாணும் நாம், முகமறியாத வாசகரிடம் நாணாதிருத்தல் தகாது. நன்கொடை வேண்டுமெனில் நன்கொடை என்றே கேட்போம். சந்தா என்று பெற்றால் இதழையோ பணத்தையோ சேர்ப்போம். இந்த உறுதியைத் தீர்மானமாக எழுதியபின் இதழுக்குப் பெயர் தேடுவோம் என்பதே என் வேண்டுகோள்.