டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. "நீ வீடு வாங்கின கதையைச் சொல்லு, மத்தவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. வாங்கின கதை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். அதுக்கு முன்னாடி நான் ஏமாந்த கதை ஒண்ணு இருக்கு. அதில் நம்ம குழுப் பணமும் இருக்கு. அதை மறைச்சுட்டு இங்கே நின்னு பேச எனக்கு மனசு வரலை.

எங்க ஊர் ஓசூரில் இருந்து தேன்கனிக்கோட்டை போற பக்கம். நான் கல்யாணமாகி வந்தப்போ அங்கே ராகி, அவரை, தக்காளி, கொஞ்சம் ரோஜாத் தோட்டம், அவ்வளவுதான். நிலம் வாங்கறேன்னு யாராவது வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆச்சு. அப்புறம் செல்போன் பாகம் செய்யற பெரிய கம்பெனி வந்தது, ஆயிரக்கணக்கில் பொண்ணுங்க வேலைக்கு வந்தாங்க. 2024 ஜூன் 27-ஆம் தேதி சட்டசபையில், ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும்னு முதலமைச்சர் அறிவிச்சார். அது எந்தப் பக்கம் வரப் போகுதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையிலேயே எங்க ஊர் டீக்கடையில் சென்ட் விலை ஏறிடுச்சு.

நாங்க வாடகை வீட்டில் இருந்தோம். கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டில் இடம் போதலை, வெளியே வந்துட்டோம். 2,500 ரூபாய் வாடகை. வீட்டுக்காரம்மா வந்து, "கம்பெனிப் பொண்ணுங்க எட்டுப் பேர் இருக்கக் கேட்கிறாங்க, தலைக்கு இவ்வளவுன்னு தர்றாங்க. நீங்க வேற பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனால் ரெண்டு பிள்ளை, ஒரு மாடு, ஒரு கன்னுக்குட்டியை வெச்சுக்கிட்டு எங்கே போறது? குடிசையில் இருக்கிறவங்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் 3 லட்சத்து 50 ஆயிரம் தருது. அதுக்கும் சொந்த இடம் வேணும். எங்களுக்கு அந்த இடம்தான் இல்லை.

அப்போதான் மெயின் ரோட்டுப் பக்கம் ரெண்டரை சென்ட்டில் ஓட்டு வீடு ஒண்ணு விலைக்கு வந்தது. ஆறரை லட்சம் சொன்னாங்க. புரோக்கர் வெள்ளிக்கிழமை வந்து, "ஞாயித்துக்கிழமை பெங்களூர்க்காரங்க வர்றாங்க. நாளைக்குள்ள டோக்கன் போட்டா உங்களுக்கு. இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கிறார், அவர் கையில் அன்னைக்கு ஒண்ணும் இல்லை. என்கிட்ட 60,000 இருந்தது. ரெண்டாவது மாடு வாங்கறதுக்காகக் குழுவில் வாங்கின கடன் அது. அதில் இருந்து 50,000 எடுத்துக் கொடுத்துட்டோம். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கலை. "வாய் வார்த்தைதான் பெருசு" என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் அது நல்ல வார்த்தையாத்தான் தெரிஞ்சுது.

பத்து நாள் கழிச்சு, "வேற பார்ட்டி எட்டு லட்சம் தர்றாங்க, நீங்க எட்டு தர்றீங்களா?" என்று கேட்டாங்க. எங்களால் முடியலை. சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னா, இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சாங்க. இங்கே குழுக் கூட்டத்தில், "மாடு வாங்கியாச்சா? எங்கே, பாக்கலாம்" என்று கேட்கிறாங்க. முதல் மாசம், சந்தையில் நல்ல மாடு அமையலைன்னு பொய் சொன்னேன். அடுத்த ரெண்டு மாசம் தவணையும் கட்ட முடியலை. மூணாவது மாசம் கூட்டத்தில் உட்கார்ந்து அழுதுட்டேன்.

அன்னைக்கு யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும். ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாங்க. அடுத்த நாள் நாலு பேர் என்கூட வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாங்க. சண்டை போடலை, சத்தம் போடலை, சும்மா உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. சாயந்தரம் 10,000 வந்தது. அப்படி அஞ்சு தடவையில், ஏழு மாசத்தில், 45,000 வந்தது. மிச்சம் 5,000 இன்னிக்கு வரைக்கும் வரலை.

இதுக்கு அப்புறம்தான் நானும் வீட்டுக்காரரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முன்னாடியே போட்டிருக்க வேண்டிய கணக்கு. வீட்டு விலைன்னு சொல்றது வீட்டு விலை மட்டும் இல்லை. நம்ம தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. நூறு ரூபாய் இடத்துக்கு 109 ரூபாய் வேணும். பத்திரத்தில் எழுதற விலை, அரசாங்க வழிகாட்டி மதிப்பு, இதில் எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். பத்திரம் எழுதறவர் கூலி, வக்கீல் ஃபீஸ் தனி. ஆறரை லட்சம்னு நாங்க ஓடினோமே, அன்னைக்கு இந்தக் கிட்டத்தட்ட அறுபதாயிரம் எங்க நினைப்பிலேயே இல்லை. அந்த வீடு கைக்கு வந்திருந்தாலும் பத்திரச் செலவுக்கு வட்டிக்காரர்கிட்டதான் நின்னிருப்போம்.

போஸ்ட் ஆபீஸ் சேமிப்பும் சீட்டுப் பணமும் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம். நகையை வெச்சால் 2 லட்சத்து 40 ஆயிரம். எங்க அண்ணன் தர்றேன்னு சொன்னது ஒண்ணரை லட்சம். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்து, விலை 7 லட்சத்துக்கு மேல போகக் கூடாதுன்னு பையனோட நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். கீழே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்குச் சிரிப்பு. "இது என்ன, கவர்மெண்ட் ஆர்டரா?" என்றார். ஆனால் அந்தப் பக்கம்தான் பின்னால் எங்களைக் காப்பாத்தினது. ஏழே கால் லட்சம், ஏழரை லட்சம்னு நாலு வீடு வந்தது. "கால்தானே" என்று ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஆசை வரும். நான் நோட்டைக் காட்டுவேன். ரெண்டு நாள் பேச மாட்டார்.

நடுவில் ஒரு பிளாட்டுக்கும் போனோம். வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போய், கலர் கலராக் கொடி கட்டி, மதியம் பிரியாணி போட்டாங்க. "இன்னைக்கு புக் பண்ணா இந்த ரேட், நாளைக்கு வேற" என்றாங்க. டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கான்னு கேட்டேன். "வந்துடும்மா, அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார். அப்ரூவல் இல்லாத மனையைப் பதியக் கூடாதுன்னு 2016-லேயே ஹைகோர்ட் தடை போட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனையை வரன்முறைப்படுத்தத்தான் 2017-ல் விதி கொண்டு வந்தாங்க. இது புதுசா வெட்டின மனை. அதோட அந்த இடம் ஒரு பள்ளத்தில் இருந்தது. எங்க ஊர்ப் பெரியவர்கிட்ட கேட்டால், "அது ஓடைம்மா, மழைக்காலத்தில் நான் அங்கே மாடு குளிப்பாட்டியிருக்கேன்" என்றார். பிரியாணி நல்லாத்தான் இருந்தது. சாப்பிட்டுட்டு வந்துட்டோம்.

அப்புறம் ஒண்ணு யோசிச்சேன். பெங்களூர்க்காரங்ககூடப் பணத்தில் போட்டி போட்டால் நாம ஜெயிக்க முடியாது. அவங்க வாங்கி ரெண்டு வருஷம் வெச்சிருந்து விக்கிறவங்க, அவங்களுக்கு அவசரம் உண்டு. நாம குடியிருக்க வாங்கறோம். விக்கிறவங்களுக்குப் பணம் தவிர வேற என்ன வேணும்னு கேட்டுப் பார்க்கலாம், அதை அவங்க கேட்க மாட்டாங்க. புரோக்கரை விட்டுட்டுப் பால் ஊத்தப் போற வீட்டில் எல்லாம் சொல்லி வெச்சேன்.

அப்படித்தான் ஒரு பாட்டியம்மா வீடு தெரிய வந்தது. நத்தத்தில் மூணு சென்ட், பழைய ஓட்டு வீடு. பாட்டியம்மாவுக்கு ஒரு பையன், ரெண்டு பொண்ணு. பெரிய பொண்ணு தர்மபுரியில் இருக்காங்க, அவங்ககூடப் போய் இருக்கப் பாட்டியம்மாவுக்கு ஆசை. ஆனால் பையனோட மகன் அவங்ககிட்ட இருந்து பத்தாவது படிக்கிறான். பரீட்சை முடியற வரைக்கும் வீட்டைக் காலி பண்ண முடியாது. வந்த பார்ட்டி எல்லாம் ஒரு மாசத்தில் சாவி வேணும்னு கேட்டிருக்காங்க. நாங்க சொன்னோம், "ஏப்ரல் முடியட்டும் பாட்டி, நாங்க காத்திருக்கோம்." எட்டு லட்சம் சொல்லிக்கிட்டு இருந்தவங்க ஏழுக்கு இறங்கினாங்க. புரோக்கர் கமிஷன் இல்லைங்கிறதும் ஒரு காரணம்.

இந்தத் தடவை டோக்கன் கொடுக்கலை. முதலில் 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பதிவுத்துறை வெப்சைட்டில் காசு இல்லாமலே பார்க்கலாம், எங்க குழுவில் காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணு போனிலேயே எடுத்துக் கொடுத்துச்சு. நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீது, மூலப்பத்திரம் எல்லாம் வாங்கி ஓசூரில் ஒரு வக்கீலிடம் காட்டினோம். பட்டா இறந்து போன தாத்தா பேரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழில் நாலு பேர்: பாட்டி, பையன், ரெண்டு பொண்ணுங்க.

பையன், "நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டால் போதும். தங்கச்சிங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு" என்றார். வக்கீல் முடியாதுன்னுட்டார். அப்பா சொத்தில் பொண்ணுங்களுக்கும் சம பங்கு, அவங்க கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளைக்கு உங்க வீட்டில் கால் பங்கு கேட்டுக் கேஸ் வரும்னு அவங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்தே சொன்னார். பையனுக்குக் கோபம், ரெண்டு வாரம் பேச்சே இல்லை. வீடு போச்சுன்னே நினைச்சேன். என் வீட்டுக்காரர்கூட, "அந்தப் பொண்ணுங்க கேஸ் எல்லாம் போட மாட்டாங்க, விடு" என்றார். எனக்கு அப்போ ஒண்ணு தோணுச்சு. எங்க அப்பா வீட்டை வித்தப்போ என்னை யாரும் கையெழுத்துக்குக் கூப்பிடலை. நானும் கேட்கலை. அதே வேலையை இன்னொரு பொண்ணுக்கு நான் செய்யணுமா? பாட்டியம்மாவே கடைசியில் ரெண்டு பொண்ணுங்களுக்கும் போன் போட்டாங்க. சின்னப் பொண்ணு பெங்களூரில் வீட்டு வேலை செய்யறவங்க. ஒப்பந்தம் போடற அன்னைக்கு பஸ் பிடிச்சு வந்து, பணம் எண்ணிக்கூடப் பார்க்காமல், "என்னையும் கூப்பிட்டீங்களே" என்று சொன்னாங்க.

2025 ஜனவரியில் கிரய ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவும் பண்ணினோம். ஒரு லட்சம் அட்வான்ஸ், பேங்க் வழியா. இடம் வாங்கற விஷயத்தில் 20,000-மோ அதுக்கு மேலோ ரொக்கமாக் கொடுக்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டமே இருக்குதாம். நடுவில் ஒருத்தர் வந்து ஒன்பது லட்சம் தர்றேன்னு பையன்கிட்ட சொல்லியிருக்கார். ஒப்பந்தம் பதிவாகி இருந்ததால் ஒண்ணும் செய்ய முடியலை. பாட்டியம்மாவும், "சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிட்டாங்க. எனக்கு ரெண்டும் தேவைப்பட்டது, பாட்டியோட வார்த்தையும், பதிஞ்ச காகிதமும்.

காத்திருந்ததில் ஒரு லாபமும் வந்தது. பெண்கள் பேரில் 10 லட்சம் வரைக்கும் சொத்துப் பதிஞ்சால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்புன்னு 2025 மார்ச் பட்ஜெட்டில் சொன்னாங்க, ஏப்ரல் 1-ல் இருந்து நடைமுறைக்கு வந்தது. நாங்க மே மாசம் பதிஞ்சோம். 63,000 ஆக வேண்டியது 56,000-தான் ஆச்சு. மாமியார் மட்டும், "ஆம்பளை குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ பொம்பளை பேரில் எதுக்கு?" என்று கேட்டாங்க. நான் எதிர்த்துப் பேசலை. ஏழாயிரம் மிச்சம்னு கணக்கைக் காட்டினேன். "சரி, ஏழாயிரத்தை எதுக்கு விடணும்" என்று ஒத்துக்கிட்டாங்க. அந்த ஏழாயிரம் இல்லேன்னா பத்திரத்தில் யார் பேர் இருந்திருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

பதிவுச் செலவும் வக்கீல் ஃபீஸும் சேர்த்து மொத்தம் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆச்சு. குறைஞ்ச 70,000-க்குக் குழுவில் உள்கடன் கேட்டேன். இந்தத் தடவை காரணம்னு இருக்கிற இடத்தில் "வீடு வாங்க" என்றுதான் எழுதச் சொன்னேன். பழைய மாட்டுக் கடன் பாக்கியும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டும் தீர இன்னும் ஒண்ணரை வருஷம் ஆகும். நகை இன்னும் பேங்கில்தான் இருக்கு.

வீட்டில் வடக்குப் பக்கம் ஓடு ஒழுகுது. அடுத்த ஐப்பசி மழைக்குள் மாத்தணும். பாட்டியம்மா திருவிழாவுக்கு வந்து, "சுவரில் வெள்ளை அடிச்சிருக்கே, நல்லா இருக்கு" என்று சொல்லிட்டுப் போனாங்க.

ஒப்பந்தம், வாரிசுச் சான்று, வில்லங்கம், பத்திரம் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் வெச்சிருக்கேன். வீடோ மனையோ பார்த்துக்கிட்டு இருக்கிற அக்கா தங்கை யாராவது இருந்தால், டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி வந்து ஒரு தடவை புரட்டிப் பாருங்க. சாயந்தரம் பால் கறந்த பிறகு வீட்டில்தான் இருப்பேன்.