பிலிம் கேமராவும் வீட்டு வரவு செலவும்

(நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் குடியிருப்பிலிருந்து சிலர் தொண்டூர் குன்றுக்குப் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் மாட்டினோம். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல காசு பார்க்க முடியுமா?" பலர் பேச்சுக்குக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் நிஜமாகவே கேட்டார். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, வீட்டுக் கடன் தவணையும் உண்டு, பள்ளிக்கூடம் போகும் குழந்தையும் உண்டு. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

என் பதில்: காசு பார்க்கலாம். வேலையை மட்டும் இப்போது விடாதீர்கள்.

இதே கேள்வி நம் நாட்டில் ஒருவருக்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே வந்திருக்கிறது. லாலா தீன் தயாள் என்று பெயர். மீரட் பக்கம் சர்தானாவில் 1844-ல் பிறந்தவர். ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் படித்து, 1866-ல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். எஸ்டிமேட் போடுவதும் வரைபடம் வரைவதும் அவர் வேலை. 1874 வாக்கில் பொழுதுபோக்காகப் படம் எடுக்கத் தொடங்கினார். இந்தூர் மகாராஜா ஊக்கம் கொடுத்தார். பிறகு பிரிட்டிஷ் அதிகாரி லெப்பல் கிரிஃபின், மத்திய இந்தியக் கோட்டைகளையும் கோயில்களையும் படம் எடுக்க அவரைக் கூடவே அழைத்துப் போனார். இத்தனை நடந்தும் மனிதர் அரசு வேலையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏறக்குறைய பத்து வருடம் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். 1880-களின் நடுவில் நீண்ட விடுப்பு எடுத்து, தொழில் நிற்குமா என்று பார்த்த பிறகுதான் வேலையை விட்டு முழுநேரமாக இறங்கினார். ஹைதராபாத் நிஜாம் அவருக்கு 'ராஜா' பட்டம் கொடுத்தது அதற்கும் பிறகு.

இன்னொன்றும் செய்தார். கோஷா முறை இருந்த ஹைதராபாத்தில், பெண்களுக்கென்று தனி ஸ்டூடியோ வைத்து, அதை ஒரு பெண்ணிடமே ஒப்படைத்தார். படம் எடுத்துக்கொள்ள ஆசை இருந்தும் ஆண் ஒருவர் முன்னால் வந்து உட்கார முடியாத குடும்பங்கள் அங்கே இருந்தன. யாருக்கு என்ன தேவை என்று பார்த்து இடம் பிடித்தார். கேமராவில் அவரை விடக் கெட்டிக்காரர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள்.

இரண்டாவது ஆள் நம் பக்கம் வந்தவர். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. இங்கிலாந்துக்கு விடுப்பில் போனபோது ஆசைக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டவர். 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவுடன் போய் எடுத்த படங்களால் பெயர் கிடைத்தது. சென்னை மாகாண அரசு அவரையே தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் 1858-ல் காகித நெகட்டிவில் அவர் எடுத்தவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார்; நீளம் 19 அடிக்கும் மேல். இன்று பார்த்தாலும் அசர வைக்கும் வேலை. ஆனால் 1859-ல் சென்னைக்கு வந்த கவர்னர் ட்ரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் தொழில் அதோடு முடிந்தது. படத்தில் குறை எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர், அந்த வாடிக்கையாளரிடம் பணம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது தொண்டூருக்கு வருவோம். அந்தக் குன்றில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது. கல்வெட்டை நடுப்பகலில் எடுத்தால் எழுத்தே தெரியாது. காலை வெயில் பாறை மேல் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். (எழுத்துத் தெரியட்டும் என்று சாக்பீஸால் பூசுகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். கல்வெட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.) அன்று நீங்கள் எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தீர்கள், படமும் நன்றாக வந்தது. பொழுதுபோக்கில் அப்படிக் காத்திருக்கலாம். காசு வாங்கிவிட்டால், மேகம் வந்தாலும் வியாழக்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அந்த உறுதியை உங்களால் கொடுக்க முடியுமா? முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

அடுத்தது கணக்கு. விலை மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 36 படம் எடுக்கும் ஒரு ரோல் 1,200 ரூபாய். கழுவி ஸ்கேன் செய்ய 600. ஆக 1,800. பட்டனை ஒருமுறை அழுத்தினால் 50 ரூபாய் போகிறது. ஆனால் 36-ல் வாடிக்கையாளர் கையில் கொடுக்கத் தகுந்தது 8 என்றால், ஒரு படத்தின் அடக்க விலை 225. இதில் உங்கள் கூலி இல்லை, பஸ் செலவு இல்லை, லேபுக்கு அனுப்பும் கூரியர் இல்லை, பழைய கேமரா ரிப்பேருக்கு வந்தால் ஆகும் செலவும் இல்லை. "பிலிம் காசை மட்டும் கொடுத்துடுங்க" என்று தெரிந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தால்தான் பலர் இதை விட்டே போகிறார்கள். சொந்தக்காரராக இருந்தாலும் கொட்டேஷன் எழுதிக் கொடுங்கள், பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். அத்தை கோபித்துக்கொண்டால் தள்ளுபடி என்று தனியாக எழுதிக் காட்டுங்கள். உண்மையான விலை என்ன என்பது அவருக்கும் தெரியட்டும்.

என்ன வேலை கிடைக்கும்? முழுக் கல்யாணத்தையும் பிலிமில் எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாலி கட்டுவது ஒரு முறைதான். அதற்கு டிஜிட்டல் கேமராவோடு ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மணமக்களை மறுநாள் நிதானமாக உட்கார வைத்து எடுக்கும் 12 படங்களைப் பிலிமில் எடுங்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் இன்னும் நல்லது. தாத்தா பாட்டிக்கு பிலிம் புதிது இல்லை, ஆடாமல் உட்காரத் தெரியும், பேரன் பேத்திகளுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற பிரிண்ட் வேண்டும். புதுச்சேரிப் பக்கம் துணிக்கடை, காபிக்கடை, தங்கும் விடுதி நடத்துகிறவர்களில் சிலருக்கும் இந்த மாதிரிப் படம் பிடிக்கிறது. செஞ்சிக் கோட்டையில் வைத்து எடுக்கலாம் என்று அவர்கள் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது தொல்லியல் துறையின் இடம், 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டும் விளக்கும் வைத்து வியாபாரத்துக்காக எடுப்பதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வருமானம் படம் எடுப்பதில் வருவதைவிட, மற்றவர்களின் பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்து கொடுப்பதில் வரும். நம் குடியிருப்பிலேயே எத்தனை வீட்டு பீரோவில் ஸ்டூடியோ கவரோடு நெகட்டிவ் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமில் எடுத்தவையும் அதில் இருக்கும். அந்தத் தொழிற்சாலையே இப்போது இல்லை. நம் கோடையும் ஈரமும் சேர்ந்து நெகட்டிவில் பூஞ்சை பிடிக்க வைக்கும், ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிப் பதிவு செய்தது இந்த அவசரத்தால்தான். வீட்டுப் படங்களுக்கு யாரும் வர மாட்டார்கள். பிலிமைக் கையாளத் தெரிந்த நீங்கள்தான் செய்ய வேண்டும். இதற்கு வெயில் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரலாம், வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம். அப்படி வரும் வீட்டுக்காரர்தான் நாளைக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் உங்களைக் கூப்பிடுவார்.

சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கும் புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான்; வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே மாறும். நெகட்டிவ் உங்கள் அலமாரியில் இருப்பதால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. உரிமை யாருக்கு, நெகட்டிவ் யாரிடம் இருக்கும், உங்கள் விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போடலாமா என்ற மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

எப்போது வேலையை விடலாம் என்று நண்பர் திரும்பவும் கேட்டார். நான் சொன்ன அளவுகோல் இது: பிலிம் வேலையில் வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், வீட்டுச் செலவுக்குத் தொடாதீர்கள். ஒரு வருடத்தில் செலவெல்லாம் போக மிச்சம் எவ்வளவு, அது எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். கடன் தவணையைக் கட்டும் அளவுக்குப் பணம் வந்திருந்தாலும், அதில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் இன்னொரு வருடம் பொறுங்கள். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அவர் மனைவி மட்டும் எனக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தார்.

கடைசியாக, சங்கத்தின் சார்பில் ஒன்று. வீட்டுக் குளியலறையிலேயே பிலிம் கழுவ 3 பேர் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி. மே மாதத்தில் நம் மேல்தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். ஒரு வாளியில் ஐஸ் போட்டு அதில் டேங்கை வையுங்கள், இல்லாவிட்டால் படம் திட்டுத் திட்டாக வரும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். அதைச் சிங்க்கில் ஊற்றினால் நேராக நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே வேலை செய்வது பாக்டீரியா, அதற்கு வெள்ளி ஆகாது. மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எக்ஸ்ரே ஃபிக்ஸரிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவர்கள் இதையும் எடுத்துக்கொள்வார்கள்; கேன் நிறைந்ததும் பராமரிப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள், சேர்த்து அனுப்பிவிடலாம்.

அடுத்த முறை தொண்டூர் போகும்போது விடிவதற்கு முன்பே கேட்டில் கூட வேண்டும். குடிதண்ணீரும் தொப்பியும் அவரவர் கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் செக்யூரிட்டி மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள்.